ஆறு மணிக் கட்டம்

ஜனவரி 4

அன்புத் தம்பி வாலுவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் நலம். முழங்கால்கள் அவ்வளவு நலமில்லை. ஆனால் அவை முணுமுணுப்பதோடு சரி, நானும் கண்டுகொள்வதில்லை. உன் இருமல் விட்டதா? ஈரத்தலையோடு படுக்காதே என்று நான் சொல்லிச் சொல்லி எனக்குத்தான் தொண்டை கட்டுகிறது.

முப்பத்திரண்டு வயதுக்காரனை இன்னும் வாலு என்று எழுதலாமா என்று கேட்டிருந்தாய். எட்டு மணி வரை இழுத்துப் போர்த்தித் தூங்கி மூன்று வேலையைத் தொலைத்தவனை வேறு எப்படிக் கூப்பிடுவது? ஆனாலும் டிசம்பர் அட்டையைப் பார்த்ததும் அந்தப் பெயரை எடுத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். முப்பத்தொரு நாளில் ஒரு கட்டம்கூடக் காலியில்லை. எட்டு மாதமாக இப்படியே அனுப்புகிறாய்.

உபதேசியார் வேலை பார்த்த அப்பா பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்து நம் கையில் கொடுத்த அதே மூன்று கட்டங்கள்தான். ஜெபம், வேலை, நாக்கு. காலையில் அரை மணி முழங்காலில் நின்றால் முதல் கட்டத்தில் ஒரு கோடு. அன்றைய வேலையை அன்றே முடித்தால் இரண்டாவதில். பொய்யும் சுடுசொல்லும் வராவிட்டால் மூன்றாவதில். இல்லையென்றால் காலி. அப்பா போய் இருபது வருஷம் ஆகிறது. என் அட்டையில் இன்னும் காலி விழவில்லை.

போனில் பேசிக்கொண்டால் போதாதா என்கிறாய். போனில் நீ "எல்லாம் சரிக்கா" என்பாய், நானும் சரி என்று வைத்துவிடுவேன். அட்டை உறைக்குள் வந்து விழுந்தால்தான் எனக்கு நிம்மதி. ஆஸ்பத்திரியில் நான் பார்க்கும் வேலையும் அதுதானே. ஆபரேஷன் கருவிகளைத் துணியில் கட்டி, மேலே சூடு பட்டால் கோடு கறுக்கிற நாடா ஒட்டி, நீராவிப் பெட்டிக்குள் வைக்கிறோம். எடுக்கும்போது நாடாவில் கோடு கறுத்திருந்தால்தான் மேலே அனுப்புவோம். கோடு தெரியாத துணிக்கட்டையும் நான் நம்புவதில்லை, கோடு இல்லாத மனுஷனையும் நம்புவதில்லை.

ஜனவரி அட்டையை மறக்காதே. வேளைக்குச் சாப்பிடு.

உனக்காக முழங்காலில் நிற்கும்
அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இருமல் போய்விட்டது, போகிற போக்கில் ஜலதோஷத்தைக் காவலுக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறது. உன் முழங்காலுக்குத் தைலம் தடவுகிறாயா?

பிப்ரவரி அட்டையை உள்ளே வைத்திருக்கிறேன். திறக்கும் முன் உட்கார்ந்துகொள். ஜெபத்தில் ஆறு காலிக் கட்டம்.

காரணம் சொல்கிறேன். இந்த மாதத்திலிருந்து எங்கள் கட்டடத்தில் லிப்ட் காலை ஆறரைக்கே ஓட வேண்டும். நான் ஆறு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். ஆறிலிருந்து ஆறரை வரை கதவு பார்க்கிற நேரம். இது பழைய லிப்ட், ஒவ்வொரு மாடியிலும் கையால் இழுத்துத் திறக்கிற கதவு. லிப்ட் அந்த மாடியில் நின்றால்தான் பூட்டு விடும், இல்லாவிட்டால் திறக்கக் கூடாது. அதனால் லிப்டைத் தரைத்தளத்தில் நிறுத்திவிட்டு, படியேறி ஒன்பது மாடியிலும் கதவை ஒவ்வொன்றாகப் பலமாக இழுத்துப் பார்க்க வேண்டும். எதுவும் அசையவில்லையென்றால் மொட்டைமாடி மெஷின் ரூமில் தொங்குகிற அட்டையில் கோடு போட்டுக் கையெழுத்து வைத்துவிட்டு, லிப்டை ஓட விடலாம். இங்கேயும் ஒரு அட்டை பார்த்தாயா? உன் தம்பிக்கு எங்கே போனாலும் கட்டம்தான்.

ஆறு மணிக்கு அங்கே நிற்க நாலரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஜெபத்துக்கு நாலு மணிக்கு முன்னால் எழுந்தால் முழங்காலிலேயே தூங்கிவிடுகிறேன். தூங்கியதற்குக் கோடு போட மனம் வரவில்லை, காலியாக விட்டேன்.

என்னோடு வேலை பார்க்கிறவனைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஆள் உயரம், ஒல்லி, எல்லோருக்கும் அவன் ஒட்டடைக்குச்சி. நான் ஒட்டடை என்று சுருக்கிவிட்டேன். பெண்டாட்டி பிள்ளை கிடையாது, சாயந்திரமானால் குடிப்பான். ஆனால் பூட்டைக் கையால் தடவியே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான். "உங்க அக்காகிட்ட சொல்லி எனக்கும் ஒரு அட்டை அனுப்பச் சொல்லுடா, கட்டம் மட்டும் கொஞ்சம் பெருசா இருக்கட்டும், கை நடுங்குது" என்று கிண்டல் பண்ணுகிறான். அவன் பெயரை என் ஜெபத்தில் சேர்த்திருக்கிறேன்.

இப்படிக்கு
வாலு


மார்ச் 6

தம்பிக்கு,

நலம். நீ நலமா என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

உன் அட்டையை மேஜையில் வைத்துவிட்டு அன்று சாப்பிடாமல் வேலைக்குப் போனேன். ஆறு காலி. பஸ், தூக்கம், ஜலதோஷம் என்று வரிசையாக எழுதியிருக்கிறாய். தூக்கத்தால் நீ இழந்த மூன்று வேலைக்கும் இதே மாதிரிதான் காரணம் சொன்னாய். அப்பா காய்ச்சலில் கிடந்த கடைசி வாரம்கூட, நான் பிடித்துக்கொள்ள, அந்த அரை மணி நின்றார். நீ அப்போது பக்கத்துப் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாய்.

ஆண்டவருக்கு முதல் நேரத்தைக் கொடு. எங்கிருந்து எடுப்பாய் என்று எனக்குத் தெரியாது. எதிலிருந்தாவது எடு. மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். இன்னொரு காலி அட்டை எனக்கு வர வேண்டாம்.

தைலம் தடவுகிறேன்.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். கோபம் தணிந்ததா? தணியாவிட்டால் முதலில் உள்ளே இருக்கிற அட்டையைப் பார்.

மார்ச் பத்துக்குப் பிறகு ஒரு காலி கிடையாது. ஆண்டவர் இடம் காட்டிவிட்டார். எங்கள் மெஷின் ரூம்தான். மொட்டைமாடியில் தனியாக இருக்கிறது, யாரும் வரமாட்டார்கள். தரையில் ஒரு சாக்கை விரித்துக்கொள்கிறேன். பஸ்ஸில் வருவதற்குள் தூக்கம் கலைந்துவிடுகிறது. ஜன்னல் வழியே வெளுக்கிறதைப் பார்த்துக்கொண்டு ஜெபிக்கிறேன், மனம் அப்படி ஒன்றிப்போகிறது. பொய்க் கோடு என்று நீ நினைக்கக் கூடாது என்பதற்காக நேரத்தையும் எழுதியிருக்கிறேன்: ஆறு முதல் ஆறரை.

ஒட்டடைக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். போன வாரம் இரண்டு நாள் குடிக்காமல் இருந்தான். "உன் ஜெபம் வேலை செய்யுதுடா, தொண்டை வறண்டு போச்சு" என்றான். ஏழாவது மாடியைத் துடைக்கிற வாளி அக்கா விழுந்து விழுந்து சிரித்தது. எந்நேரமும் வாளியும் கையுமாகத் திரிவதால் அந்தப் பெயர். என்னைப் பார்த்தால் "ஜெபக்காரரே" என்றுதான் கூப்பிடும். இந்தக் கட்டடத்தில் எனக்கு இப்போது அதுதான் பெயர், வாலு இல்லை.

இப்படிக்கு
தம்பி


ஏப்ரல் 10

என் தங்கத் தம்பிக்கு,

நானும் நலம், முழங்காலும் நலம். உன் கடிதம் வந்த அன்று அது வலித்ததாகவே நினைவில்லை.

நம் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் உன் கடிதத்தை வாசித்தேன். சாக்கு விரித்து முழங்காலில் நிற்கிறான் என்ற இடத்தில் என்னால் மேலே வாசிக்க முடியவில்லை, பக்கத்தில் இருந்தவர் வாங்கி வாசித்தார். அப்பா இருந்திருந்தால் அந்த அட்டையைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்.

உன்னை ஏதோ ஒரு நோக்கத்துக்காகத்தான் ஆண்டவர் தூக்கி நிறுத்தியிருக்கிறார். அது என்னவென்று நமக்குத் தெரியும் நாள் வரும். அதுவரை நூல் பிடித்த மாதிரி நட.

இனி வாலு என்று எழுத மாட்டேன்.

அக்கா


மே 25

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். போன மாத அட்டையையும் இந்த மாத அட்டையையும் சேர்த்தே வைத்திருக்கிறேன். இந்த மாதத்தில் இன்றுவரை கோடு போட்டிருக்கிறேன்.

இங்கே ஒரு விபத்து நடந்துவிட்டது. எட்டாம் தேதி காலை பதினோரு மணிக்கு, ஏழாவது மாடியில். வாளி அக்கா லிப்ட் கதவை இழுத்திருக்கிறது. திறந்துகொண்டது. லிப்ட் அங்கே இல்லை, கீழே இருந்தது. வாளி வைத்த தள்ளுவண்டியைப் பின்பக்கமாக நடந்தபடியே இழுத்துக்கொண்டு உள்ளே போவதுதான் அதன் வழக்கம். எல்லோரும் அப்படித்தான் போவார்கள். அப்படியே கீழே விழுந்துவிட்டது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, பதினேழாம் தேதி இறந்துபோனது.

போலீஸ் வந்தது. மெஷின் ரூம் அட்டையை எடுத்துப் பார்த்தார்கள். காலை ஆறரைக்கு ஒன்பது மாடிக் கதவும் சரி என்று கோடும் கையெழுத்தும் இருந்தது. காலையில் சரியாக இருந்த பூட்டு பதினோரு மணிக்குள் எப்படிக் கெட்டது, நடுவில் யார் தொட்டது என்று கேட்டார்கள். எட்டு மணிக்கு மேல் மாடிகளில் வேலை பார்த்தது ஒட்டடை. அவன் மேல் முந்தின நாள் குடித்த வாடை இருந்திருக்கிறது. கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவன் ஏதேதோ சொல்கிறான். அந்தப் பூட்டின் கொக்கி தேய்ந்துவிட்டது என்று முந்தின நாள் சாயந்திரமே என்னிடம் சொன்னதாகச் சொல்கிறான். எனக்கு நினைவில்லை என்று சொன்னேன். சூப்பர்வைசர் போலீஸிடம், "இவர் ஜெபக்காரர் சார், இவர் வாயில பொய் வராது" என்றார்.

சாப்பாடு சரியாக இறங்கவில்லை. மற்றபடி நலம்.

தம்பி


ஜூன் 3

அன்புத் தம்பிக்கு,

நீ சாப்பிடவில்லை என்று எழுதியதுதான் மனதைப் பிசைகிறது. நான் நலம், என்னைப் பற்றிக் கவலைப்படாதே.

அந்தப் பெண்ணுக்காகக் கூட்டத்தில் எல்லோரும் ஜெபித்தோம். நீ கலங்காதே. நீ செய்ய வேண்டியதைச் செய்தாய், அட்டை உனக்குச் சாட்சியாக நின்றது. ஒழுங்காக இருப்பவனை அவன் ஒழுங்கே காப்பாற்றும் என்று அப்பா சொன்னது பலித்துவிட்டது. குடிக்கிறவனோடு சேர்ந்து வேலை பார்க்கிறாயே என்று எனக்கு முதலிலிருந்தே உறுத்தல்தான். அவன் குடிதான் அவனை அங்கே கொண்டுபோய் விட்டது. தன் தவறை மறைக்க உன் தலையில் கட்டப் பார்க்கிறான். அவனுக்காக ஜெபி, ஆனால் அவன் பேச்சைக் காதில் வாங்காதே.

கஞ்சியாவது வைத்துக் குடி.

அக்கா


ஜூலை 1

அக்காவுக்கு,

நலம். நீயும் நலமென்று நம்புகிறேன்.

ஜூன் அட்டை வைக்கவில்லை.

வாளி அக்காவின் வீட்டுக்காரர் நேற்று கட்டடத்துக்கு வந்தார். பேக்கரியில் அடுப்பு வேலை செய்கிறவர். அவளுடைய செருப்பையும் சாப்பாட்டுப் பாத்திரத்தையும் வாங்கிப்போக வந்தார். பாத்திரத்தைத் திறந்தே பார்க்கவில்லை. என்னைத் தேடி மெஷின் ரூமுக்கே படியேறி வந்துவிட்டார். லிப்டில் ஏற மாட்டேன் என்றாராம்.

"தம்பி, நீங்கதான் ஜெபக்காரராமே. அவ சொல்லுவா. எனக்குத் தூக்கம் வரல. எனக்காக ஒரு ஜெபம் பண்ணுங்க" என்றார்.

சாக்கின் மேல் இரண்டு பேரும் முழங்கால் போட்டோம். எனக்கு வாயே வரவில்லை அக்கா. அவர், நான் அழுகிறேன் என்று நினைத்து என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

உனக்கு வேறென்ன எழுதுவது?

தம்பி


ஜூலை 9

தம்பிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். இதை வாசித்ததும் கிழித்துப்போடு.

நீ ஜூன் அட்டை வைக்காததால் பழையவற்றை எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிப்ரவரிக் கடிதத்தில், ஆறிலிருந்து ஆறரை வரை கதவு பார்க்கிற நேரம் என்று எழுதியிருக்கிறாய். ஏப்ரலில், ஆறிலிருந்து ஆறரை வரை ஜெபம் என்று எழுதியிருக்கிறாய். மே மாத அட்டையில் எட்டாம் தேதிக் கட்டத்திலும் உன் கையால் அதே நேரம் போட்டிருக்கிறது. அந்த இரண்டு கடிதங்களையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் ஏப்ரலிலேயே தெரிந்திருக்கும். கூட்டத்தில் வாசித்தேனே தவிர, யோசிக்கவில்லை.

எனக்குப் பதில் எழுதாதே. நீ சொல்லாதவரை எனக்குத் தெரியாது. யாரிடமும் எதுவும் சொல்லாதே. ஆண்டவரிடம் சொல்லிவிட்டாய் அல்லவா? அவர் மன்னித்துவிட்டார். அவரிடம் சொன்ன பிறகு போலீஸிடம் சொல்ல வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. செத்தவள் திரும்பி வரப்போவதில்லை. அவனுக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை என்று எழுதியிருந்தாய். உள்ளே இருந்தால் குடியாவது நிற்கும். அதுவே ஆண்டவர் அவனுக்கு வைத்த வழியாக இருக்கலாம்.

நீ எட்டு வயசில் தாயில்லாமல் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு தூங்கியவன். உன்னை நான் ஜெயிலில் பார்க்க மாட்டேன். பார்க்க என்னால் முடியாது. அக்கா சொல்லி நீ எதையும் தட்டியதில்லை, இதையும் தட்டாதே.

அக்கா


ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். முழங்காலுக்குத் தைலம் தடவ மறக்காதே. இனி அடிக்கடி ஞாபகப்படுத்த முடியுமோ என்னவோ.

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. மூன்று வாரம் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். அதில் உள்ள ஒவ்வொரு காரணத்தையும் உனக்கு முன்னாலேயே நான் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் அக்கா, வரிசைகூட மாறாமல். நீ நல்லவளாக இருந்து, நான் மட்டும் கெட்டவனாக இருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

நடந்ததை எழுதிவிடுகிறேன். மே ஏழாம் தேதி சாயந்திரம் ஒட்டடை என்னைத் தேடி வந்து, "ஏழாவது கதவுல கொக்கி தேஞ்சிருக்கு, கடைல சாமான் இல்ல. காலைல இழுத்துப் பாரு. லேசா விட்டாக்கூட லிப்டை ஓட்டாத, கதவுல கயித்தைக் கட்டி வை, நான் வந்து பாக்குறேன்" என்றான். அன்றைக்கு அவன் குடித்திருந்தான். ஆனால் ஒரு வார்த்தை குழறவில்லை. மறுநாள் சரியாக ஆறு மணிக்கு வந்தேன். நேராக மெஷின் ரூமுக்குப் போனேன். அரை மணி முழங்காலில் நின்றால் கதவு பார்க்க முடியாது. கதவு பார்த்தால் உன் அட்டையில் காலி விழும். உன் அட்டையில் பொய்க் கோடு போடக் கூடாது என்பதற்காக லிப்ட் அட்டையில் போட்டேன். இரண்டு மாதமாக அப்படித்தான். எட்டு மணிக்கு வந்த ஒட்டடை, லிப்ட் ஓடுவதையும் கதவில் கயிறு இல்லாததையும் பார்த்து, நான் இழுத்துப் பார்த்துவிட்டேன் என்று நம்பிவிட்டான். அன்று வேலைக் கட்டத்திலும் கோடு போட்டேன், நாக்குக் கட்டத்திலும் போட்டேன்.

அன்றைய ஜெபம் நன்றாக இருந்தது அக்கா. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ஒட்டடை குடியை விட வேண்டும் என்று கண்ணீர் விட்டு ஜெபித்தேன். அவன் சொன்ன கதவு எனக்கு மூன்று மாடி கீழே இருந்தது.

எந்த நோக்கத்துக்காக ஆண்டவர் என்னைத் தூக்கி நிறுத்தினார் என்று தெரியும் நாள் வரும் என்று எழுதியிருந்தாய். பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. இன்றைக்குச் செய்ய வேண்டிய வேலை எது என்று மட்டும் தெரிகிறது. இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போகிறேன். உன் பெயரை எங்கேயும் சொல்ல மாட்டேன்.

நீ சொல்லி நான் தட்டுகிற முதல் காரியம். அதற்காக மன்னித்துக்கொள்.

வாலு


அக்டோபர் 14

தம்பிக்கு,

உள்ளே தண்ணீர் நல்லதாகக் கிடைக்கிறதா? இருமல் வந்தால் உடனே அங்குள்ள டாக்டரிடம் சொல். வெட்கப்படாதே.

இரண்டு மாதம் எழுதவில்லை. முதல் மாதம் உன்மேல் கோபம். சொன்னால் நம்ப மாட்டாய், வாழ்க்கையில் முதல் தடவையாக ஆண்டவரோடு பேசாமல் இருந்தேன். ஆனாலும் காலையில் அரை மணி நின்றேன், கோடு போட்டேன்.

போன மாதம் வேலையில் ஒன்று நடந்தது. நீராவிப் பெட்டியிலிருந்து ஒரு துணிக்கட்டை எடுத்தேன். நாடாவில் கோடு நன்றாகக் கறுத்திருந்தது. எப்போதும் போல மேலே அனுப்பியிருப்பேன். அன்றைக்கு என்னவோ கனமாகப் பட்டது. பிரித்தேன். உள்ளே துணி ஈரம். ஈரமான கட்டு சுத்தமில்லை, எங்கள் வேலையில் அதைத் தொடவே கூடாது. சூடு பட்டதா என்பதை மட்டும்தான் நாடா சொல்லும், உள்ளே என்ன ஆனது என்பதைச் சொல்லாது. இது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எனக்குச் சொல்லிக்கொடுத்தது. இருபத்தாறு வருஷமாக மற்றவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்ததும்கூட. அன்று காலைக் கட்டுகள் எல்லாவற்றையும் பிரித்து மறுபடி வைக்கச் சொன்னேன். ஆபரேஷன்கள் தள்ளிப்போயின, டாக்டர்கள் கத்தினார்கள். நான் கை கழுவுகிற தொட்டி ஓரம் உட்கார்ந்து அழுதேன்.

வீட்டுக்கு வந்து ஜூலை அட்டையை எடுத்தேன். ஒன்பதாம் தேதி, உனக்கு அந்தக் கடிதத்தை எழுதிய நாள், நாக்குக் கட்டத்தில் கோடு போட்டிருந்தேன். பிளேடு வைத்துச் சுரண்டினேன். அட்டை ஓட்டையாகிவிட்டது. அப்படியே உனக்கு அனுப்புகிறேன். மார்ச் ஆறாம் தேதிக் கோட்டையும் சுரண்ட வேண்டும், எதிலிருந்தாவது எடு என்று எழுதிய நாள். அதற்கு இன்னும் கை வரவில்லை.

பெண்கள் கூட்டத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு பேர் அழுதார்கள், மற்றவர்கள் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்கள். இப்போது எனக்குப் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.

வரும் மாதம் உன்னைப் பார்க்க வருகிறேன். பார்க்க முடியாது என்று எழுதினேன், அதையும் சுரண்டிவிடு.

அக்கா


நவம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ வந்துபோனதிலிருந்து இருமல் குறைந்திருக்கிறது. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று ஈரத்தலையைப் பற்றிக் கேட்ட ஒரே ஆள் நீயாகத்தான் இருப்பாய். பக்கத்தில் நின்ற காவலர் சிரித்துவிட்டார்.

ஒட்டடை வந்தான். நான் வாக்குமூலம் கொடுத்து ஒரு மாதம் கழித்துத்தான் அவனை விட்டார்கள். உள்ளே இருந்த கிட்டத்தட்ட நாலு மாதத்தில் முன் பல் இரண்டு போய்விட்டது, எப்படி என்று சொல்லவில்லை. வேலையும் திரும்பக் கிடைக்கவில்லை, இனி எந்தக் கட்டடத்திலும் அவனைச் சேர்க்க மாட்டார்களாம். வெளியே வந்த அன்றே குடித்ததாகச் சொன்னான். பிறகு கம்பிக்கு அருகே வந்து கேட்டான்.

"ஒண்ணு கேக்கணும்னுதான் வந்தேன். அன்னைக்கு மேல ஜெபம் பண்ணிட்டு இருந்தியே, அதுல என் பேரு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்ப நான் சொன்னது ஞாபகம் வரலையா?"

வந்தது என்றேன். ஜெபத்தை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தேன், முடித்தபோது மணி ஆறரை ஆகிவிட்டது, கீழே ஆட்கள் வந்துவிட்டார்கள் என்றேன். அதை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை, உனக்கும் எழுதவில்லை. அவன் தலையை ஆட்டினான். வேறு எதுவும் கேட்காமல் போய்விட்டான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இங்கே ஐந்தரைக்கு மணி அடிப்பார்கள். ஆறிலிருந்து ஆறரை வரை எனக்கு ஒரு வேலையும் இல்லை, யாரும் எதையும் கேட்பதில்லை. அப்படி ஒரு நேரத்துக்காக நான் எவ்வளவு ஏங்கினேன்! முழங்கால் போடுகிறேன், ஆனால் வார்த்தை வருவதில்லை. அதனால் கண்ணை மூடிக்கொண்டு படியேறுகிறேன். முதல் மாடிக் கதவைப் பிடித்துப் பலமாக இழுக்கிறேன், அசையவில்லை. இரண்டாவது, மூன்றாவது. எல்லாம் சரி. ஆறாவதும் சரி. ஏழாவதில் கை வைக்கிறேன், அது திறந்துகொள்கிறது. தினமும் திறந்துகொள்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு, வாளி அக்கா வந்துவிடக் கூடாதே என்று ஆறரை மணி அடிக்கும்வரை அங்கேயே நிற்கிறேன்.

இதுதான் இப்போது என் ஜெபம். இதைவிட நல்ல ஜெபம் எனக்குத் தெரியவில்லை. இந்த மாத அட்டையை அனுப்பியிருக்கிறேன். காலைக் கட்டம் முப்பதையும் காலியாக விட்டிருக்கிறேன். இந்தத் தடவை சாப்பிடாமல் இருந்துவிடாதே.

இப்படிக்கு
வாலு